மூக்கின் மேல் என்ன கோபம்?

'உன் மூஞ்சில வழியற எண்ணெயில நாலு வடை சுடலாம்டா!'

இந்த ஜோக்கைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்க முடியாது. சொன்னவன் அடுத்த நிமிஷம் மறந்துவிடுவான். கேட்டவன் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நிற்பான். சோப்பை எடுத்து, தோல் எரிகிற வரைக்கும் தேய்ப்பான். மறுநாள் பதினோரு மணிக்கு மூக்கு மறுபடியும் மினுமினுக்கும்.

நம் மொழியில் முகத்திலிருந்து வழிகிற எதுவுமே உருப்படியானது கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? வழிந்தால் எண்ணெய் வழியும், இல்லாவிட்டால் அசடு வழியும். ஆனால், கல்யாண மேடையில் ஒரு பெண்ணின் கன்னம் அதே மாதிரி மின்னினால் 'பொண்ணு முகத்துல என்ன களை பாருங்க' என்று சொக்கிப்போவோம். 23சி-யில் தொங்கிக்கொண்டு வந்து ஆபீஸுக்குள் நுழைகிறவர் முகத்தில் மின்னினால் மட்டும், 'மொதல்ல போய் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க சார்.'

அது என்ன எண்ணெய் என்று முதலில் பார்த்துவிடுவோம். தோலுக்குள் முடியின் வேர்களை ஒட்டிச் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கிடையாது. முகத்தில் மட்டும் சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அதிலும் நெற்றி, மூக்கு, மோவாய் ஏரியாவில் உற்பத்தி ஜோர். கொழுப்பு, மெழுகு, ஸ்குவாலின் எல்லாம் கலந்த அந்தச் சரக்குக்குப் பெயர் சீபம். ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் உத்தரவு போடுகிறது, சுரப்பி சுரக்கிறது. அதனால்தான் பதின்மூன்று, பதினாலு வயதில் ஆரம்பிக்கிறது. ஆண்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் குறைகிறது. யாருக்கு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் அப்பா, அம்மா கொடுத்த மரபணு தீர்மானித்துவிடுகிறது. நேற்று சாயங்காலம் நீங்கள் சாப்பிட்ட பஜ்ஜியின் எண்ணெய் நேராக மூக்குக்கு ஏறி வருவதில்லை.

சோப்பு என்ன செய்யும்? மேலே கிடப்பதை எடுக்கும். உள்ளே இருக்கிற சுரப்பிக்கு நீங்கள் சோப்பு போட்ட சங்கதியே தெரியாது!

இன்னொன்று. சென்னையில் மே மாசம் காலை பத்து மணிக்கு உங்கள் முகத்தில் மின்னுவது முழுக்க எண்ணெய் இல்லை. கடல் காற்றின் ஈரத்தில் வியர்வை ஆவியாகமாட்டேன் என்கிறது. அப்படியே நின்று, எண்ணெயோடு கலந்து படலமாகிவிடுகிறது. வீட்டில் ஏ.சி., காரில் ஏ.சி., ஆபீஸில் ஏ.சி. என்று வாழ்கிறவருக்கு அந்தப் படலம் கிடையாது. ஆக, 'எண்ணெய் வடியும் மூஞ்சி' என்று நாம் கிண்டல் செய்வதில் பாதி, அந்த ஆள் எதில் ஏறி வந்தார் என்பதைப் பற்றிய கிண்டல். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

தி.நகர் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டு புடவை விரித்துப் போடுகிற பெண்களைப் பாருங்கள். அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. 'கஸ்டமர் வர்ற இடம், மூஞ்சி ஃப்ரெஷ்ஷா இருக்கணும்' என்று எதிர்பார்க்கிறவர்கள், அந்த முகத்தைக் கழுவிக்கொள்ள ஐந்து நிமிஷமும் ஒரு வாஷ்பேசினும் கொடுக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

முகம் மின்னக்கூடாது என்ற சட்டம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பாலும் கேமராவிடமிருந்து. 1930-களில் ஹாலிவுட்டில் டெக்னிகலர் வந்தது. அதுவரை நடிகர்கள் பூசிய எண்ணெய்ப் பசை மேக்கப், கலர் படத்தின் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்துத் தொலைத்தது. மாக்ஸ் ஃபாக்டர் கம்பெனி இதற்காகவே பளபளக்காத பூச்சு ஒன்றைத் தயாரித்தது. அதுதான் பான்கேக். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கடைகளுக்கும் வந்துவிட்டது. நம்ம ஊர் ஜெமினி ஸ்டுடியோவில் பான்கேக்கை அள்ளி அப்பிய கதையை, அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் தன் நினைவுக் குறிப்புகளில் அவருக்கே உரிய நமட்டுச் சிரிப்போடு எழுதியிருக்கிறார். விளக்குக்கு முன்னால் நிற்கிறவர்களின் பிரச்னை அது. பால் பாக்கெட் வாங்கப் போகிறவருக்கு எதற்கு? இப்போது எல்லார் பாக்கெட்டிலும் கேமரா இருப்பதால், எல்லார் மூக்குக்கும் சனி பிடித்துவிட்டது.

கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு தட்டில் 'எண்ணெய்ப் பசையை விரட்டுங்கள்' என்று ஃபேஸ்வாஷ். அடுத்த தட்டில் முகத்தைப் பளபளக்கவைக்கும் சீரம், ஹைலைட்டர், கொரியாவிலிருந்து வந்த கண்ணாடிச் சருமம். கடவுள் இலவசமாகக் கொடுத்த பளபளப்பைத் துடைக்க முந்நூறு ரூபாய், அதையே திரும்பப் பூசிக்கொள்ள எண்ணூறு ரூபாய்! 1975-ல் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பிய 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயரிலிருந்து சிவப்பழகு இறங்கியது, பளபளப்பு ஏறியது. டியூப் அதேதான்.

பத்திரிகைக்காரர்களான நாங்களும் யோக்கியர்கள் இல்லை. எத்தனை இலவச இணைப்புகளில் 'எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவி...' என்று வந்திருக்கிறது! தோலின் அமிலத்தன்மை பி.ஹெச். 5-ஐ ஒட்டி. எலுமிச்சைச் சாறு 2. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, கறுத்துப்போகும். ஆப்ப சோடா மாவுக்கு, பற்பசை பல்லுக்கு.

அப்படியானால் என்னதான் செய்வது? செலவு குறைவுதான், அதனால்தான் விளம்பரம் வருவதில்லை. காலையில் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம், மிதமான ஃபேஸ்வாஷ். சாதாரண சோப்பின் பி.ஹெச். 9, 10 என்று எகிறும், முகத்துக்கு வேண்டாம். நடுவில் மினுமினுத்தால் டிஷ்யூ பேப்பரையோ சுத்தமான கர்ச்சீப்பையோ வைத்து ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள். வியர்த்துக் கொட்டினால் வெறும் தண்ணீர். வியர்வை மேல் பவுடர் அப்பினால் திட்டுத் திட்டாகக் கோலம் போட்ட வாசல் மாதிரி ஆகும். (டால்கம் பவுடரின் மூலப்பொருளான டால்க்கை, புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024-ல் சேர்த்திருப்பதையும் மனதில் வையுங்கள்.) எண்ணெய்ச் சருமத்துக்கும் மாய்ஸ்சரைசர் உண்டு, ஜெல் வகையாக. சன்ஸ்க்ரீனும் அப்படியே. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து நெற்றி வரை இறங்க விடுகிறவர்கள், நெற்றிப் பருவுக்கு வேறு காரணம் தேட வேண்டாம். கடையில் வாங்கித்தான் தீருவேன் என்றால் லேபிளில் சாலிசிலிக் அமிலம், நியாசினமைடு என்ற பெயர்களைத் தேடுங்கள்; ஓரளவு பலன் உண்டு.

மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது, மோவாயில் முடி முளைக்கிறது, கூடவே எண்ணெயும் பருவும் என்றால் அது ஃபேஸ்வாஷ் விஷயமே இல்லை. டாக்டர் விஷயம். சீபத்தை நிஜமாகவே வற்றடிக்கிற ஐசோட்ரெடினாயின் மாத்திரை இருக்கிறது. கர்ப்பிணி சாப்பிட்டால் சிசுவுக்குக் கடுமையான ஊனம் வரும். தோழி சாப்பிட்டாள் என்று வாங்கி விழுங்குகிற சமாசாரமல்ல அது.

இத்தனையும் நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது மருந்துக்கடை க்ரீம். 'அண்ணே, மூஞ்சி எண்ணெயா இருக்கு, பரு வருது, ஏதாச்சும் குடுங்க.' அண்ணன் ஒரு டியூப் எடுத்துக் கொடுப்பார். பத்தே நாளில் பரு அமுங்கும், நிறம் வெளுக்கும். 'சூப்பர் க்ரீம்டி' என்று ஹாஸ்டல் முழுக்கப் பரவும். உள்ளே இருப்பது ஸ்டீராய்டு. எண்ணெய்ச் சுரப்பை அது குறைப்பதில்லை. சில மாசத்தில் தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும், பரு இரட்டிப்பாகும், பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் சிவந்து தீயாக எரியும்; அதனால் நிறுத்தவும் முடியாது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இப்படிச் சீரழிந்த முகத்துக்கென்றே தனிப் பெயர் வைத்து, வருஷக்கணக்கில் கத்தியதால், 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலுக்குக் கொண்டுவந்தது. சட்டம் வந்தது. சீட்டு கேட்கும் அண்ணன்கள் எத்தனை பேர்?

உங்கள் வீட்டு பாத்ரூம் அலமாரியிலும் பாதி பிதுக்கிய டியூப் ஒன்று கிடக்கலாம். எடுத்து, பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன்... இதில் ஏதாவது ஒன்று இருந்து, உங்கள் பெண்ணோ பையனோ அதை மாசக்கணக்கில் முகத்தில் தடவிக்கொண்டிருந்தால், திட்டாதீர்கள். திடீரென்று பிடுங்கிக் குப்பையிலும் போடாதீர்கள். அந்த டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.