கூண்டுக்குள் ஒரு வெள்ளிக்காது

போன மாதம் எங்கள் கோலாலம்பூர் அடுக்குமாடித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கூண்டுக்குள் ஒரு ஜோடிப் பறவை. கறுப்புத் தலை, கன்னத்தில் வெள்ளித் தகடு ஒட்டினது போல ஒரு திட்டு, மஞ்சளும் ஆரஞ்சுமாக மார்பு, இறக்கையில் சிவப்பு. "சூப்பரா பாடும், பிள்ளைங்களுக்கு வாங்கிக் கொடுங்க" என்று கீழே ஒரு வரி. மளமளவென்று இதயங்கள் பறந்தன.

எனக்கு அந்தப் பறவையைத் தெரியும். சில்வர் இயர்டு மெசியா. தமிழில் நான் வெள்ளிக்காது என்கிறேன். இமயமலையிலிருந்து சுமத்ரா வரை மலைக்காடுகளில் கூட்டமாகத் திரியும். இரண்டு வருடத்துக்கு முன் பிரேசர் மலையில் விடிகாலை டீ குடிக்கப் போனபோது பார்த்தேன். ராத்திரி முழுக்க எரிந்த விளக்கைச் சுற்றிச் சுவரில் ஒட்டியிருந்த அந்துப்பூச்சிகளை நாலைந்து பறவைகள் பொறுக்கிக்கொண்டிருந்தன. டீ ஆறிப்போச்சு. கோடு எழுதிக் கண் கெட்டவனுக்கு அதைவிட நல்ல திரை கிடைக்காது.

பிரச்சினை அதன் அழகும் குரலும்தான். சுமத்ராவில் கூண்டுச் சந்தைக்காகப் பிடித்துப் பிடித்தே பல மலைகளில் அரிதாகிவிட்டது. 1997 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதாவது முறையான அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி விற்க முடியாது. குழுவில் "எங்கிருந்து வந்தது, பேப்பர் இருக்கா?" என்று கேட்டேன். "கூண்டுல பொறந்ததுதான், விடுங்க தம்பி" என்றார்.

இன்னொரு அண்ணன், "ஊர்ல நாம கிளி வளர்க்கலையா?" என்றார். வளர்த்தோம், உண்மைதான். என் பாட்டி வீட்டிலும் இருந்தது. ஆனால் ஊரிலேயே 1972 வனவிலங்குச் சட்டப்படி நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பது குற்றம். நமக்குத் தெரியாமல் செய்தோம். தெரிந்த பிறகும் வேறொரு நாட்டுக் காட்டில் கைவைப்பது எப்படிச் சரி? பிழைக்க வந்த இடத்தில் நாம் கொஞ்சம் கூடுதல் கவனமாகத்தான் இருக்கணும்.

வாங்குகிறவர் கேட்டாலே போதும்: பிடித்ததா, வளர்த்ததா, சீட்டு எங்கே? பதில் மழுப்பலாக வந்தால் காசை எடுக்காதீர்கள். பரிதாபப்பட்டு வாங்கித் திறந்து விடுவதும் வேண்டாம். வியாபாரிக்கு அதுவும் ஒரு விற்பனைதான், அடுத்த ஜோடிக்கு வலை விரிப்பான்.

இரண்டு நாளில் அந்தப் பதிவு காணாமல் போனது. பறவைகள் எங்கே போனதோ. வருகிற பள்ளி விடுமுறைக்குப் பிரேசர் மலை போகலாமா என்று குழுவில் போட்டேன். இதுவரை மூன்று குடும்பம் பெயர் கொடுத்திருக்கிறது, கிளி அண்ணனும் சேர்த்து.