ஒப்புக்குச் சப்பாணி

‘பிள்ளைகளுக்குச் சாதி தெரியாது.’ மேடை கிடைக்கிற இடத்திலெல்லாம் இதைச் சொல்லுகிறார்கள். முற்போக்கு பேசுகிறவர்கள் சொல்லுகிறார்கள், அதிகாரிகள் சொல்லுகிறார்கள், நம் ஆட்களில் சிலரும் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பொய். சாதி தெரியாத பிள்ளை ஆதிக்கச் சாதித் தெருவில் வேண்டுமானால் கொஞ்ச நாளைக்கு இருக்கலாம். எந்தத் திண்ணையிலும் ஏறலாம், எந்தக் குழாயிலும் வாய் வைக்கலாம் என்றிருக்கிற பிள்ளைக்குச் சாதியைத் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் என்ன? சேரிப் பிள்ளைக்கு அந்தச் சொகுசு கிடையாது. அது நடக்கப் பழகும்போதே எந்த இடத்தோடு நிற்கணும் என்பதையும் சேர்த்துத்தான் பழக்குகிறோம். பழக்குவது வேறு யாரும் இல்லை, பெத்த தாய்தான். ‘அங்கிட்டுப் போகாதடா, அடிச்சுப்போடுவாங்க.’ நம்ம பிள்ளை ‘அ’னா ‘ஆ’வன்னா படிப்பதற்கு முன்னால் படித்து முடிக்கிற பாடம் இது.

மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில் உத்தப்புரம் இருக்கிறது. 1989இல் சேரியையும் ஊரையும் பிரித்து அங்கே சுவர் எழுப்பினார்கள். 2008 மே 6ஆம் தேதி அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். நடுவே 19 வருஷம். அந்த 19 வருஷமும் அங்கே பிறந்த பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடி விளையாடியிருக்கும்? பந்து சுவரைத் தாண்டி விழுந்தால் யார் போய் எடுத்திருப்பார்கள்? பிள்ளைக்குச் சாதி தெரியாது என்று சொல்லுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நான் பேச வந்தது பால்வாடியைப் பற்றி. சர்க்கார் அதற்கு அங்கன்வாடி என்று பெயர் வைத்திருக்கிறது. அங்கன் என்றால் முற்றம். வடக்கிலிருந்து வந்த சொல். 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், நாடு முழுக்க 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் அது 54,000க்கும் மேல் மையங்களாகப் பெருகியது. முற்றம் என்று சொல்லிவிட்டார்கள், சரி. யாருடைய முற்றம்? அதை மட்டும் சொல்லவில்லை.

மதுரைச் சமவெளியில் சின்னப் பிள்ளைகள் வெளியே விளையாடுவதற்கென்று ஒரு பருவம் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் பிள்ளையை வெளியே விட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஊர் மேட்டில் இருக்கும், சேரி பள்ளத்தில் இருக்கும், தண்ணி நம்ம வாசலில்தான் நிற்கும். மழை ஓய்ந்து கண்மாய் நிறைந்து, மார்கழி பிறந்து, விடியக்காலம் பனி இறங்கி, ஒன்பது மணிக்கு மேல் இதமாக ஒரு வெயில் வருமே, அதுதான் பிள்ளைகளின் காலம். அறுப்பு முடிந்து தை, மாசி வரைக்கும் அது ஓடும். நொண்டி, பாண்டி, கண்ணாமூச்சி, உப்பு மூட்டை, ஓடிப்பிடிச்சு எல்லாம் அப்போதுதான்.

எங்கே விளையாடுவது? மந்தையில். எங்கள் பக்கத்து ஊர்களில் மந்தை என்பது வெறும் பொட்டல் இல்லை. வேம்பு இருக்கும், சாவடி இருக்கும், சாமி இருக்கும், பஞ்சாயத்து கூடும். நெல் காயவைக்கிற களமும் அதை ஒட்டித்தான் இருக்கும். சர்க்கார் கணக்கில் அது பொறம்போக்கு, அதாவது எல்லோருக்கும் பொது. ஊர்க் கணக்கில் அது அவர்களுக்கு மட்டும் பொது. ஆக, மார்கழி வெயிலில் பிள்ளை எங்கே நின்று காய்கிறது என்பதே இங்கே சாதிப் பிரச்சினைதான்.

எங்க ஊர்ப் பால்வாடி மந்தையின் ஓரத்தில் இருந்தது. 80களின் நடுவில் நான் அங்கே போனவன். ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தச் சமவெளியில் எந்த ஊர்ப் பெயரை எழுதினாலும் பொருந்தும். நாங்கள் காலனியிலிருந்து ஏழெட்டுப் பேர் போவோம். உள்ளே தனி வரிசை. வெயில் ஏறினதும் டீச்சர் எல்லோரையும் வெளியே விடுவார். ஓடிப்பிடிச்சு விளையாட்டில் என்ன நடக்கும்? ஒருத்தன் துரத்துவான், தொட்டால் அவுட். எங்களை யாரும் தொட மாட்டார்கள். நாங்களும் யாரையும் தொடக்கூடாது. நாங்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான். எல்லாரும் விளையாடும்போது ஆட்டக் கணக்கில் வராமல் சும்மா சேர்த்துக்கொள்கிற பிள்ளைக்கு ஒப்புக்குச் சப்பாணி என்று பெயர். மற்ற ஊர்களில் வயசில் சின்னப் பிள்ளையைத்தான் அப்படி வைப்பார்கள். எங்க ஊரில் காலனிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒப்புக்குச் சப்பாணி.

தைப் பொங்கலுக்கு முன்னால் பால்வாடியில் பொங்கல் வைப்பார்கள். காப்புக் கட்டப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேணும். அதைப் பறித்துவரும் வேலை எங்க பிள்ளைகளுக்கு. வீட்டுக்குக் கொஞ்சம் அரிசி கொண்டு வரச் சொல்லுவார்கள். எங்க ஆத்தாவும் சேலை முந்தியில் முடிந்து கொண்டுபோனது. ‘அங்கிட்டு வையி’ என்றார்கள். ஊர்த்தெரு அரிசி பானைக்குப் போனது, எங்க அரிசி மூலையில் இருந்தது. பொங்கிச்சு, குலவை போட்டார்கள். எங்க இலையில் எட்ட நின்று தள்ளிவிட்டார்கள். அந்தப் பானையில் வெந்த நெல்லுக்கு நாத்து நட்டது யாரு? களை எடுத்தது யாரு? அறுத்துக் கட்டித் தலையில் சுமந்து களத்தில் சேர்த்தது யாரு? எங்க ஆத்தாவும் அது வயசுப் பொம்பளைகளும்தான். உழவர் திருநாள் என்கிறார்கள். உழைத்தவளின் கைப்பட்ட நெல் தீட்டில்லை, அவள் முந்தியிலிருந்து வந்த அரிசி தீட்டு! இந்தப் பித்தலாட்டத்தைத்தான் தமிழர் பண்பாடு என்று நமக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்பார்கள். 2019 ஜூன் மாதம் எந்தக் காலம்? திருமங்கலம் பக்கம் வலையபட்டி அங்கன்வாடிக்கு நியமிக்கப்பட்ட தலித் பெண்கள் இருவரை, ஆதிக்கச் சாதியினர் எதிர்த்ததும், வேலையில் சேர்ந்த கையோடு வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள். செய்தி வெளியான பிறகு தேசிய மனித உரிமை ஆணையம் தானே முன்வந்து அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. தப்பு செய்தவன் ஊரில் இருக்கிறான், வேலைக்குப் போனவள் மாற்றலாகிப் போகிறாள். அந்த மையத்துப் பிள்ளைகள் அன்றைக்குக் கற்றுக்கொண்டது என்ன? நாம் கத்தினால் சர்க்கார் கேட்கும் என்று அந்தத் தெருப் பிள்ளை கற்றுக்கொண்டது. நம்ம தெருப் பிள்ளை எதைக் கற்றுக்கொண்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சத்துக் குறைவு என்று பேசுகிற நிபுணர்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. அதன் முன்னோடி வட்டாரம் நம்ம கொட்டாம்பட்டி. மாசாமாசம் பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து அட்டையில் கோடு போட்டார்கள். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அஞ்சு வயசாக இருந்த பிள்ளைக்கு 1997இல் 22 வயசு. அந்த வருஷம் ஜூன் 30ஆம் தேதி, அதே மேலூர் வட்டாரத்தில், மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு சேர்த்து மொத்தம் 6 பேரையும் வெட்டிச் சாய்த்தார்கள். தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்காரக்கூடாது என்பதுதான் காரணம். பிள்ளையின் எடையை அளந்தவர்கள், ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடமிருந்து எத்தனை அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்பதை அளந்தார்களா? அதற்கு ஏது அட்டை?

இப்போது அரசாங்கம் சமத்துவப் பொங்கல் கொண்டாடுகிறது. கலெக்டர் ஆபீசிலிருந்து அங்கன்வாடி வரைக்கும் பானை, கரும்பு, கோலம், பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடை, வேட்டி. போட்டோ எடுத்து மேலே அனுப்பியதும் சமத்துவம் முடிந்துவிடும். மறுநாள் அதே பிள்ளைகள் தங்கள் தங்கள் தெருவுக்கு. வருஷத்தில் ஒருநாள் ஒரே பானை, மிச்ச 364 நாளும் மந்தையில் இடமில்லை என்றால் அதற்குப் பேர் சமத்துவமா? அந்தப் படத்திலும் நம்ம பிள்ளை ஒப்புக்குச் சப்பாணிதான்.

2017 தையில் சல்லிக்கட்டுக்காகத் தமுக்கம் மைதானத்தில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்தார்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் காளை துள்ளி ஓடத் திடல் வேணும், அது எங்கள் உரிமை என்றார்கள். நல்லது. மாட்டுக்கு இடம் கேட்ட தமிழ்ச் சமூகம், சேரியின் மூன்று வயசுப் பிள்ளை ஓட இடம் கேட்டு ஒருநாள், ஒரே ஒருநாள், தெருவுக்கு வந்ததுண்டா?

டவுனில் மட்டும் வேறு கதையா? மேலவாசல், திடீர் நகர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். மதுரையைக் கூட்டித் துடைக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு மாடிப்படியும் சாக்கடை ஓரமும்தான் முற்றம். பொங்கல் அன்றைக்கு ஊரெல்லாம் கரும்பு கடித்துத் துப்பும். அந்தச் சக்கையை அள்ள இருட்டோடு எழுந்து போகிறவள் அந்தப் பிள்ளையின் தாய். அவள் திரும்பி வரும்போது பண்டிகை முடிந்திருக்கும். 2013இல் வந்த மத்திய அரசின் முன்பருவக் கல்விக் கொள்கை, 30 பிள்ளைகளுக்கு வெளியே விளையாடக் குறைந்தது 30 சதுர மீட்டர் இடம் வேணும் என்கிறது. பிள்ளைக்கு ஒரு சதுர மீட்டர். அதில் பிள்ளை நிற்கலாம், உட்காரலாம். ஓட முடியுமா? அந்த ஒரு மீட்டரும் நம்ம பிள்ளைக்கு இல்லை என்பது தனிக்கதை.

பிள்ளைக்கு விளையாட்டுத்தான் வேலை என்று இன்றைக்குப் பணக்காரப் பள்ளிக்கூடங்கள் விளம்பரம் செய்கின்றன. மரியா மாண்டிசோரி 1907இல் ரோமாபுரியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக. 1939இல் சென்னைக்கு வந்தார். யுத்த காலத்தில், நமக்கு மேலே இருக்கிற கொடைக்கானல் மலையில் தங்கி, செடி கொடி, பூச்சி, மண்ணோடு பிள்ளைகளைப் பழகவிட்டுப் பாடம் செய்தார். இன்றைக்கு மதுரையில் அந்தப் பெயர் எங்கே தொங்குகிறது? பீஸ் கட்டுகிறவன் வாசலில். கூலிக்காரன் பிள்ளைக்காகப் பிறந்த யோசனையைக் கூலிக்காரன் பிள்ளையிடமிருந்தே பறித்துக்கொண்டார்கள். நம்ம பிள்ளைக்குச் சோறு போட்டால் போதும், விளையாட்டு எதற்கு என்பதுதான் இங்கே இருக்கிற நினைப்பு.

தோழர்களே, நாம் என்ன கேட்பது?

மையம் எங்கே இருக்கணும் என்பதில் நமக்குள்ளேயே குழப்பம் இருக்கிறது. சேரியில் வைத்தால் அவர்கள் பிள்ளையை அனுப்பமாட்டார்கள், அதனால் பொதுவான இடத்தில் வைக்கலாம் என்கிறார்கள். பொதுவான இடம் என்றால் ஊர் என்றுதான் அர்த்தம் ஆகிப்போகிறது. நான் சொல்லுகிறேன்: நம்ம தெருவில் வையுங்கள். வருகிறவன் வரட்டும், வராதவன் ஏன் வரவில்லை என்று அவனிடம் கேளுங்கள். கலந்து பழகுவதற்கு நாமே எப்போதும் நடந்து போகணும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? 2006 டிசம்பர் 13இல் உச்ச நீதிமன்றம், தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை கொடுத்து மையம் திறக்கச் சொன்னது. மையம் இல்லாத கிராமத்துக் குடியிருப்பிலோ சேரியிலோ ஆறு வயசுக்கு உட்பட்ட 40 பிள்ளைகள் இருந்து, மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் திறக்கணும் என்றது. எத்தனை தெருவில் மனு எழுதினோம்? பெரிய தத்துவம் எழுதுகிற நம் பேனாக்கள் ஒரு பால்வாடிக்கு மனு எழுதக் கூடாதா?

மையம் நம்ம தெருவில், விளையாட்டு மந்தையில். இரண்டும் வேணும். மந்தை யாருடைய பாட்டன் சொத்தும் இல்லை. பொதுச் சொத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தால் வன்கொடுமை என்று 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் சொல்லுகிறது. டீச்சர் மார்கழிக் காலையில் நம்ம பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய் மந்தையில் விளையாட விடட்டும். மறிக்கிறவன் மேல் வழக்குப் போடுவோம்.

சமைக்கிற கை நம்ம கையாகவும் இருக்கணும். எதிர்ப்பு வந்தால் மாற்றவேண்டியது வேலைக்காரியை அல்ல.

கொண்டாட்டத்தையும் நாம் தீர்மானிப்போம். மார்கழியும் தையும் பொங்கலுக்கு மட்டும் சொந்தமில்லை. சேற்றையும் சாணியையும் மேலே வாங்கிக்கொண்டு பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப்போன சாவித்திரிபாய் புலே பிறந்தது 1831 ஜனவரி 3. மார்கழி மாசம். அன்றைக்கு நம்ம தெருப் பால்வாடியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து விளையாட்டுப் போட்டி வைப்போம். வெண்மணியில் கூலி உயர்வு கேட்டதற்காக 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியதும் ஒரு மார்கழியில்தான், 1968 டிசம்பர் 25. செத்தவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்தக் கதையைப் பால்வாடியில் சொல்லவேண்டாம். நாம் மறக்காமல் இருப்போம். பறையைச் சாவுக்கு அடிக்கச் சொன்னார்கள். நம்ம பிள்ளைகள் குதித்து ஆட அதை அடிப்போம்.

கடைசியாக நமக்குள்ளேயும் ஒன்று. பறையர் தெருவிலும் பள்ளர் தெருவிலும் மையம் இருந்து, சக்கிலியர் தெருப் பிள்ளை வாசலில் நிற்குமானால், நாமும் அந்த மந்தைக்காரர்கள்தான். ஒருத்தரை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிவிட்டு விடுதலை ஆட்டம் ஆட முடியாது.

பிள்ளைக்குச் சாதி தெரியாது என்று இனி யாராவது சொன்னால், அவரைக் கையோடு ஒரு பால்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வெயில் ஏறினதும் யார் பிள்ளை எங்கே ஓடுகிறது, யார் பிள்ளை எங்கே நின்றுவிடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த பிறகும் சொன்னால், அவருக்குத் தெரிந்தே சொல்லுகிறார் என்று அர்த்தம்.