முடி சூட்டிப் பறித்த பெயர்

சென்னைக் கன்னிமாரா நூலகத்தின் பெயர்க்கு வேரான நிலம் அயர்லாந்தின் மேலைக் கரையிலுள்ளது. அந்நிலத்துத் தொல்குடியொன்றின் பெயர் 'மாக் கொன்றீ'. கேலிய மொழியில் 'வெளிநிலத்து வேட்டைநாயின் மகன்' என்பது பொருள். நாயென்பது அங்கே இழிவன்று. மறவர்க்குச் சூட்டிய சிறப்புப் பெயர். அதன் ஈற்றசையை அரசனைக் குறிக்கும் 'ரீ' எனப் பிழைபடக் கொண்டு, அக்குடியினரை ஆங்கிலத்தில் 'கிங்கு' என்றே எழுதிவிட்டனர்! முடி கிடைத்தது, முன்னோன் மறைந்தான்.

தப்ளினைச் சூழ்ந்த நான்கு கோட்டத்து ஐரியர் ஊர், நிறம், தொழில் வழியாக ஆங்கிலப் பெயர் பூணவேண்டுமென 1465-இலேயே சட்டம் செய்தனர். அச்சட்டம் மேற்கே எட்டவில்லை. ஆங்கில மயக்கம் எட்டியது. சட்டத்தினும் கொடியது அதுவே. பின்னர் 1938-இல் நாட்டின் முதல் தலைவராக அமர்ந்த தக்ளசு ஐடு, தம் மக்கள் தாமே பெயர் துறப்பதை 1892-இல் கடிந்துரைத்தார். கேலிய வடிவிலேயே 'மாக் கொன்றீ' எனக் கையெழுத்திடுவோர் இன்றும் உளர், மிகச் சிலரே.