எஞ்சினியருக்குச் சங்கம் எதற்கு?

கோபர்கைரனேயில் எங்கள் வீட்டுப் பெட்டியில் இரு சம்பளச் சீட்டுகள் இருக்கின்றன. ஒன்று, தானே–பேலாப்பூர் சாலைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தையாருடையது. மற்றது, எஞ்சினியரான என் அண்ணனுடையது. தந்தையாரின் சீட்டில் விலைவாசியோடு பஞ்சப்படி ஏறியது. சங்கம் செய்த ஒப்பந்தங்களால் அடிப்படைச் சம்பளமும் ஏறியது. அண்ணனின் சீட்டில் எது ஏறும், எப்போது ஏறும் என்பது அவருக்கே தெரியாது!

“திறமை இருந்தால் சம்பளம் தானே வரும், எஞ்சினியருக்குச் சங்கம் எதற்கு?” என்பர் நண்பர்கள். வருகிறதா? 2010 வாக்கில் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதியவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் ரூபாய் தந்தன. இன்றும் பலருக்குக் கிடைப்பது மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான். அரிசி விலை அப்படி நின்றதா? நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள். ஆள் மலிந்தால் கூலி மலியும். இது சந்தையின் நியதி.

ஆனால் சந்தை மட்டுந்தானா? அமெரிக்காவில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி ஆகியவை, ஒருவர் ஆளை மற்றவர் இழுப்பதில்லை எனத் தமக்குள் பேசிவைத்துக்கொண்டதாகச் சுமார் 64,000 ஊழியர் சார்பில் வழக்கு நடந்தது. 2015இல் 41.5 கோடி டாலர் தந்து அந்நிறுவனங்கள் அதைத் தீர்த்துக்கொண்டன. முதலாளிகள் கூடிப் பேசுவார்களாம். நாம் மட்டும் தனித்தனியே பேரம் பேச வேண்டுமாம்! அதே நாட்டில் 2000ஆம் ஆண்டில் போயிங் எஞ்சினியர்களும் தொழில்நுட்ப ஊழியரும் 40 நாள் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றனர். ஜெர்மனியிலோ, உலோகத் தொழிற்சங்கத்தின் ஒப்பந்தம் ஃபிட்டரையும் எஞ்சினியரையும் ஒரே ஊதிய அட்டவணையில் அடக்குகிறது.

சங்கம் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. 1982இல் இதே மும்பையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் எப்படி முடிந்தது என்பதை நம் பெரியவர்கள் அறிவர். நலிந்துவிட்ட தொழிலைச் சங்கத்தால் நிமிர்த்த முடியாது. ஆனால் லாபம் வரும் தொழிலில் நம் பங்கைக் கேட்க, சங்கத்தை விட்டால் வேறு வழி ஏது?

மென்பொருள் ஊழியர் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. தடை நம் மனத்தில்தான் இருக்கிறது. ‘நாம் தொழிலாளி அல்ல, அதிகாரி’ என்னும் வீண் பெருமை அது. தோழர்களே, பட்டம் வாங்குமுன் அதைக் களைவோம்.

“தனியாகப் போனால் மனு, கூடிப் போனால் ஒப்பந்தம்” என்பார் என் தந்தையார். அவர் படித்தது எட்டாம் வகுப்புத்தான்.