மூலையில் ஒரு பெரிய சப் போதுமா?

ஸ்டீரியோவுக்கு பேஸ் சேர்க்க சப்வூஃபர் (சப்) பற்றிக் கேட்டால் கள்ளக்குறிச்சியில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "சின்ன வீடு சார், பன்னிரண்டு இன்ச் சப் ஒண்ணு போதும், மூலையில வெச்சிடுங்க." சொல்பவர்கள் பெரும்பாலும் சவுண்ட் சர்வீஸில் கைதேர்ந்தவர்கள். கூவாகம் திருவிழாவிலும் கல்வராயன்மலை கோடை விழாத் திடலிலும் அவர்கள் கணக்கு சரிதான். திறந்தவெளியில் போன ஒலி திரும்பி வராது. பெட்டி பெரிதாகப் பெரிதாக பேஸ் கூடும். மலையில் மண்சுவரும் கூரையுமான வீட்டிலும் பேஸ் கணிசமாக வெளியேறிவிடும். கான்கிரீட் அறையில் அதே கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. 3.05 மீட்டர் இடைவெளியில் அரை அலை கச்சிதமாகப் பொருந்துவது 57 ஹெர்ட்ஸ் வாக்கில். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவு என்பதால் மூன்று திசையிலும் அதே 57தான் முழங்கும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ், ஈ தந்தி 41. ஆகவே ஒரு சுரம் ஜன்னலை உலுக்கும், இன்னொன்று காணாமல் போகும். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தனக்கென ஒரு மெட்டோடு நடந்து வருவதைக் கேட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும்.

மூலையில் வைத்தால் சத்தம் கூடும் என்பது உண்மை. மூன்று திசை முழக்கத்தையும் முழுபலத்தோடு கிளப்பும் இடம் அது. அங்கே அதிகம் கூடுவது அந்த 57ஐச் சுற்றிய பகுதிதான்.

பன்னிரண்டு இன்ச் ஒன்றுக்குப் பதில் எட்டு இன்ச் இரண்டு போடலாம். கூம்பின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய சமம். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் முன்னே தள்ளும்படி இணைத்தால், அந்தத் திசையின் முதல் முழக்கத்தை இரண்டும் சேர்ந்து அழித்துவிடும். குறுக்குத் திசை முழக்கமும் சுவரின் நடுவிலிருந்து எழும்பாது. உயரத்தின் முழக்கம் மட்டுமே மிஞ்சும். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: நான்கு சுவர் நடுவிலும் நான்கு சப் மிகச் சிறப்பு, எதிரெதிர் இரண்டே அதற்கு மிக நெருக்கம். பெட்டி செய்யவும் கவலையில்லை. மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் கள்ளக்குறிச்சி.

"சப் சினிமாவுக்குத்தான், பாட்டைக் கெடுத்துவிடும்" என்பது இன்னொரு பேச்சு. கெடுப்பது சப் அல்ல, இணைக்கும் விதம். பழைய ஸ்பீக்கர்கள் முழு பேஸையும் சுமந்துகொண்டிருக்க, மேலே சப்பையும் சேர்த்தால் இரண்டும் மோதும். அதே சத்தத்தோடு ஒரு ஆக்டேவ் கீழே இறங்கினால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஐந்து இன்ச் ஊஃபர் திணறுவது அங்கேதான், திணறலில் குரலும் கலங்கும். ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் அனுப்பாமல் தடுத்தால் குரல் தெளிந்துவிடும். ஆம்ப்ளிஃபயரில் அந்த வசதி இல்லையென்றால், 47 கிலோ ஓம் உள்ளீட்டுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடரில் போட்டால் 72 ஹெர்ட்ஸிலிருந்து மெல்லச் சரியும். ரேடியோ மெக்கானிக்குக்குச் சில நிமிட வேலை.

இரண்டு சப் என்றால் அக்கம்பக்கத்துக்கு இரட்டைத் தொல்லையா? இல்லை. முழங்கும் சுரம் அடங்கியபின் மற்றவை குறைந்த சத்தத்திலேயே கேட்கும், வால்யூமை இறக்கலாம். ஆனால் எவ்வளவு இறக்குவது என்பதற்கு மீட்டரை மட்டும் நம்ப முடியாது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்கின்றன. அந்த அளவீடு 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலைக் கழித்தே கணக்கிடுகிறது. மீட்டர் அமைதி காட்டும்போதும் பக்கத்து வீட்டுக் கட்டில் அதிரலாம்.

ஒரு சப்தான் வாங்க முடியுமென்றால், அதை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போடுங்கள். சுவரோரமாகக் குனிந்து நடந்து, எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சப்பை அங்கே மாற்றி வையுங்கள். அந்த இடம் மூலையாக இருப்பது அபூர்வம்.