உல்லாசக் கப்பல் ஏறும் நாள்: குடும்பங்கள் தடுமாறுவது எங்கே?

பள்ளி விடுமுறை நெருங்கினால் முன்பெல்லாம் கேமரன் மலையா, பாத்தாமா, ஊருக்கா என்ற பேச்சுத்தான் வீடுகளில் ஓடும். இப்போது அந்தப் பட்டியலில் உல்லாசக் கப்பலும் சேர்ந்துவிட்டது. விமானம் ஏற வேண்டாம், ஒவ்வோர் ஊரிலும் பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டாம், பிள்ளைகளுக்கு நீச்சல் குளம், பெரியவர்களுக்கு ஓய்வு, மூன்று வேளை உணவும் கட்டணத்துக்குள் அடக்கம். தாத்தா பாட்டியையும் அழைத்துக்கொண்டு போய்வர இதைவிட எளிய வழி இல்லை என்று தோன்றுவதில் வியப்பில்லை.

சிங்கப்பூரும் அந்த ஆசைக்கு ஏற்பத் தன்னைத் தயார்ப்படுத்தி வந்துள்ளது. 2012ல் திறக்கப்பட்ட மரினா பே உல்லாசக் கப்பல் நிலையம், ஒரே நேரத்தில் 6,800 பயணிகளைக் கையாளும் அளவில் கட்டப்பட்டது. 40 மில்லியன் வெள்ளி செலவில் அது மேம்படுத்தப்பட்டு, கொள்ளளவு 11,700 ஆக உயர்த்தப்பட்டது. ‘ஜெண்டிங் ட்ரீம்’ கப்பல் 2022 ஜூன் முதல் இங்கிருந்து போர்ட் கிள்ளான், பினாங்கு, புக்கெட் என்று குறுகிய பயணங்களை நடத்தத் தொடங்கியது. ஜெர்மனியில் வேறொரு நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு, அந்நிறுவனம் நொடித்ததால் பாதியில் நின்ற கப்பலை 2022ல் வாங்கிய டிஸ்னி, அதற்கு ‘டிஸ்னி அட்வென்ச்சர்’ என்று பெயரிட்டுச் சிங்கப்பூரைத் தாயகத் துறைமுகமாக்கியது. 2025 டிசம்பரில் புறப்படவிருந்த அதன் முதல் பயணம் 2026 மார்ச் 10ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 6,700 பயணிகளை ஏற்றக்கூடிய கப்பல் அது. வேறு எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் மூன்று, நான்கு இரவுகள் கடலிலேயே சுற்றிவிட்டுத் திரும்பும் வகையில் அதன் பயணங்கள் வகுக்கப்பட்டன.

இத்தனை ஆயிரம் பேர் சில மணி நேரத்துக்குள் ஒரே வாசல் வழியாக ஏற வேண்டும். அதே காலையில் முந்தைய பயணத்தை முடித்தவர்கள் அதே வாசல் வழியாக இறங்கியிருப்பார்கள். முதல்முறை செல்லும் குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தச் சில மணி நேரத்தில்தான். காரணம் கூட்டம் மட்டுமன்று. அந்த நாளைப் பலர் விடுமுறையின் முதல் நாளாகப் பார்க்கிறார்கள். குடிநுழைவு அதிகாரிக்கோ அது ஒருவர் நாட்டைவிட்டு வெளியேறும் நாள்.

‘எங்கும் இறங்கவில்லையே’ என்ற தவறான எண்ணம்

எந்த நாட்டிலும் கால் வைக்காத பயணம்தானே, அடையாள அட்டை போதாதா என்ற கேள்வி இன்னமும் எழுகிறது. போதாது. கப்பல் அனைத்துலகக் கடற்பரப்புக்குச் செல்கிறது. திரும்பி வரும்போது பயணி சிங்கப்பூருக்குள் மீண்டும் நுழைகிறார். எனவே கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் கடப்பிதழ் வேண்டும். அது குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது கப்பல் நிறுவனங்கள் பொதுவாகக் கேட்கும் நிபந்தனை. ஐந்து மாதமும் மூன்று வாரமும் மிச்சம் இருக்கிறது என்று முகப்பில் வாதாடிப் பயனில்லை.

நிரந்தரவாசிகளுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. மறுநுழைவு அனுமதி காலாவதியாகியிருப்பதைக் கவனிக்காமல் வெளியேறினால் ஆபத்து விடுமுறைக்கு அல்ல, நிரந்தரவாசத் தகுதிக்கே. மூன்று நாள் பயணத்துக்காக எடுக்கக்கூடிய துணிச்சல் இல்லை அது.

தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை மிகவும் கவனிக்க வேண்டியது, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோரின் விசா. பேரப்பிள்ளைகளைப் பார்க்க இந்தியாவிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கப்பலுக்கு அழைத்துச் செல்வது மகனுக்கோ மகளுக்கோ பெருமையான காரியம். பல வேளைகளில் பயணமே அவர்களுக்காகத்தான் பதிவு செய்யப்பட்டிருக்கும். ஆனால், அவர்கள் கையில் இருப்பது ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா என்றால், சிங்கப்பூருக்கு வந்த அன்றே அதன் பயன் முடிந்துவிட்டது. கப்பலில் சென்று திரும்பப் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா தேவை. கப்பல் நிறுவனங்கள் அதை முகப்பிலேயே கேட்கும். கப்பல் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனி விதி வேறு. மலேசியா இந்தியக் குடிமக்களுக்கு விசா விலக்கை 2026 இறுதி வரை நீட்டித்துள்ளது என்பதற்காக, அடுத்த துறைமுகம் இருக்கும் நாடும் அப்படியே என்று கருத முடியாது. இறங்காமல் கப்பலிலேயே இருந்துகொள்கிறோம் என்றாலும் சில பயணங்களில் விசா கேட்கப்படும்.

இந்த இடத்தில் ஒரு குடும்பத்தின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஏழு பேர், மூன்று அறைகள், முழுக் கட்டணமும் செலுத்தியாயிற்று. பாட்டிக்கு மட்டும் விசா சரியில்லை. பயணக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. ஆவணக் குறைபாட்டால் ஏற்ற மறுத்தால் பணம் திருப்பித் தரப்படாது என்று ஒப்பந்தத்தின் சிற்றெழுத்தில் இருக்கும். பெரும்பாலான பயணக் காப்புறுதிகளும் அதற்கு ஈடு கொடுப்பதில்லை. பணத்தைவிடக் கடினமானது, யார் அவருடன் வீட்டுக்குத் திரும்புவது என்ற கேள்வி. அதைப் பிள்ளைகள் கண்முன்னே, வரிசையில் நின்றபடி தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

பழியை முழுவதும் குடும்பங்கள்மீது சுமத்துவதும் நியாயமாகாது. சலுகை விலையைப் பெரிய எழுத்தில் போடும் விளம்பரங்கள் விசா பற்றிப் பேசுவது அபூர்வம். பதிவை உறுதிசெய்யும் மின்னஞ்சலில் எல்லாம் இருக்கும், ஆங்கிலத்தில், பத்துப் பக்கங்களுக்குப் பின்னால். கட்டணம் வாங்கும்போதே ‘உங்களுடன் வருவோர் எந்த நாட்டுக் கடப்பிதழ், என்ன விசா’ என்று கேட்கும் முகவரே நல்ல முகவர். அப்படிக் கேட்காதவரிடம் குடும்பமே கேட்க வேண்டும்.

பெயரில் வரும் சிக்கல்

இன்னொன்று, வேறு சமூகங்களுக்கு அவ்வளவாக இல்லாத தொல்லை. கப்பல் நிறுவனங்களின் பதிவுப் படிவம் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டத்தை வைத்திருக்கும். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ்களில் இன்னார் மகன், இன்னார் மகள் என்பதைக் குறிக்கும் எழுத்துகளும் சாய்கோடும் சேர்ந்தே முழுப் பெயர் இருக்கும். படிவம் பல நேரங்களில் சாய்கோட்டை ஏற்காது. இந்தியக் கடப்பிதழ்கள் சிலவற்றில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாகவே இருக்கும். பதிவு செய்யும் அண்ணனோ மருமகனோ அவசரத்தில் அப்பா பெயரை ஒருவருக்கு முன்னாலும் இன்னொருவருக்குப் பின்னாலும் போட்டுவிடுவார். வீட்டில் கூப்பிடும் சுருக்கப் பெயரைப் போட்டுவிட்டவர்களும் உண்டு.

கடப்பிதழில் இருக்கும் எழுத்துகள் அதே வரிசையில் பயணச்சீட்டிலும் இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. சந்தேகம் இருந்தால் கடப்பிதழ்ப் பக்கத்தின் நகலை முகவருக்கே அனுப்பி, அவரையே நிரப்பச் சொல்வது நல்லது. சில வாரங்களுக்கு முன் என்றால் இது ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் வேலை. ஏறும் நாளில், பயணிகள் பட்டியல் முடிவாகிவிட்ட பிறகு, முடியுமா என்பது முகப்பில் இருப்பவர் கையில்.

பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டியோ, அத்தை மாமாவோ மட்டும் அழைத்துச் சென்றால், பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கேட்கப்படும். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்பதும், கர்ப்பிணிகள் 24 வாரத்தை எட்டியிருக்கக் கூடாது என்பதும் பல நிறுவனங்களின் விதி. அந்தக் கணக்கு ஏறும் நாளுக்கு மட்டும் பார்க்கப்படுவதில்லை, பயணம் முடியும் நாள்வரை பார்க்கப்படும்.

எப்போது போவது, கையில் என்ன வைத்துக்கொள்வது

இணையம்வழி முன்பதிவை முடிக்கும்போது நிலையத்துக்கு வரும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். முந்தி முடிப்பவர்களுக்கு நல்ல நேரம் கிடைக்கும். விமானத்துக்குப் போவதுபோல் சீக்கிரமே போய் உட்கார்ந்துவிடலாம் என்று பார்த்தால், குறித்த நேரத்துக்கு முன் உள்ளே விடாமல் போகலாம். தாமதமும் ஆகாது. கப்பல் ஐந்து மணிக்குப் புறப்படும் என்றால் ஏறும் வாசல் ஐந்து மணிவரை திறந்திருக்காது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே மூடப்படும். மரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து கப்பல் நிலையத்துக்கு நடந்து போகலாம்தான். ஆனால், வெயிலில் முதியவரோடும் தள்ளுவண்டியோடும் பெட்டிகளோடும் அந்தப் பத்து நிமிடம் நீளும். அன்று மட்டும் டாக்சிக்குச் செலவழிப்பதில் தவறில்லை. பயணம் மரினா பேயிலிருந்தா, ஹார்பர்ஃபிரண்டிலிருந்தா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டையும் குழப்பிக்கொள்வது நடக்கிற காரியம்.

பெரிய பெட்டிகளை நிலையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேரப் பிற்பகல் கடந்துவிடும், சில நேரம் இரவு உணவு நேரமும் ஆகிவிடும். ஆகவே கடப்பிதழ்கள், அன்றாட மருந்துகள், குழந்தையின் பால்மாவு, அணையாடை, ஒரு மாற்றுடை, நீச்சல் உடை ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடும் பெரியவர் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் அன்று. மாத்திரைகளை டப்பாவில் கொட்டி எடுத்துச் செல்லாமல், மருந்தகம் ஒட்டிய சீட்டுடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

எதை எடுத்துச் செல்லக் கூடாது என்பதில் நம்மவர்கள் சற்று விழித்துக்கொள்ள வேண்டும். கப்பலில் தீ என்பதுதான் மாலுமிகள் மிகவும் அஞ்சும் விபத்து. அதனால் சூடாக்கும் மின்சாதனங்கள் எவையும் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. சிறிய சோறு ஆக்கும் பானை, வெந்நீர்க் கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஊடுகதிர்ச் சோதனையில் பிடிபடும். ஊதுபத்தி, கற்பூரம், விளக்குத்திரி, மெழுகுவத்தி ஆகியவையும் அப்படியே. காலையில் விளக்கேற்றாமல் காப்பி குடிக்காத பாட்டிக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் கட்டிய புளிசோற்றுக்கும் பெரும்பாலும் இடமில்லை.

ஏறிய பிறகு முதல் இரண்டு மணி நேரம்

அறைகள் பொதுவாகப் பிற்பகல் ஒரு மணிக்கு மேல்தான் தயாராகும். அதுவரை கையில் பையுடன் எல்லாரும் போவது ஒரே இடத்துக்கு, பஃபே கூடத்துக்கு. அங்கே இடம் பிடிக்க அலைவதற்குப் பதில், பிரதான உணவகம் மதியம் திறந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். பல கப்பல்களில் திறந்திருக்கும், கட்டணமும் கிடையாது, பலருக்குத் தெரிவதில்லை. சைவ உணவு, ஹலால் உணவு, ஒவ்வாமை ஆகியவற்றைப் பதிவின்போதே குறிப்பிட்டிருந்தாலும், அன்று மதியமே உணவகத் தலைமைப் பணியாளரிடம் நேரில் சொல்லிவிடுவது பலன் தரும். முட்டை சேர்க்காத சைவம் என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

சிறுவர் மன்றத்தில் பிள்ளைகளைப் பதிந்துகொள்வதும், மாலைக் காட்சிகளுக்கு இடம் எடுப்பதும் அந்த நேரத்திலேயே செய்யக்கூடியவை. கப்பலில் ரொக்கம் புழங்காது. அறை அட்டையைத் தட்டினால் செலவு அப்பாவின் கணக்கில் ஏறும். விளையாட்டுக் கூடத்து இயந்திரங்கள் பிள்ளைகளின் அட்டையையும் ஏற்கும். சேவை முகப்பில் அவர்களுடைய அட்டைக்குச் செலவு வரம்பு போட்டுவிட்டால் கடைசி நாள் அதிர்ச்சி குறையும்.

தவிர்க்கவே கூடாத ஒன்று

2012 ஜனவரி 13ஆம் தேதி இரவு, இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கொன்கோர்டியா’ பாறையில் மோதிச் சரிந்தது. 4,000க்கும் மேற்பட்டோர் இருந்த அந்தக் கப்பலில் 32 பேர் மாண்டனர். அன்று மாலை புதிதாக ஏறியவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி மறுநாளுக்கு வைக்கப்பட்டிருந்தது. அப்போதைய விதிப்படி அது தவறும் இல்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு அனைத்துலக விதி மாற்றப்பட்டு, 2015 ஜனவரி 1 முதல் கப்பல் புறப்படுவதற்கு முன்பாகவோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்றானது.

கொவிட்-19 காலத்துக்குப் பிறகு பல கப்பல்களில் இந்தப் பயிற்சி எளிதாகிவிட்டது. கைப்பேசிச் செயலியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ காணொளியைப் பார்த்துவிட்டு, தங்களுக்குரிய கூடுமிடத்துக்குச் சென்று அட்டையைக் காட்டினால் முடிந்தது. எளிதானதில் ஒரு குறையும் வந்திருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் எல்லாருடைய கைப்பேசியிலும் காணொளியை ஓடவிட்டு, கூட்டமாகப் போய் அட்டையைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறார். தமிழ் மட்டுமே அறிந்த பாட்டிக்கு அந்தக் காணொளியில் என்ன சொன்னார்கள் என்பது தெரியாமலே போய்விடும். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் சேர்ந்து கேட்டால் அது அவசர அறிவிப்பு, மின்தூக்கியில் ஏறக் கூடாது, கூடுமிடம் எந்தத் தளத்தில் எந்தப் பக்கம், சிறுவர் மன்றத்தில் இருக்கும் பிள்ளையை யார் கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்பதையெல்லாம் வீட்டில் ஒருவர் தமிழில் சொல்லி, அறையிலிருந்து படிக்கட்டு வழியாக ஒருமுறை அழைத்துச் சென்று காட்டப் பத்து நிமிடம் போதும்.

கரை விலகியதும் கைப்பேசிகள் கப்பலின் கடல்சார் கட்டமைப்புடன் தாமாக இணைந்துகொள்ளும். சாதாரண வெளிநாட்டுத் தொகுப்புத் திட்டங்கள் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. அழைப்புக்கும் தரவுக்கும் கட்டணம் தனி. புறப்படும் ஒலி கேட்பதற்கு முன்பே எல்லாருடைய கைப்பேசியையும், குறிப்பாகப் பெரியவர்களுடையதை, விமானப் பயண முறைக்கு மாற்றிவிட வேண்டும். ஊருக்குச் சொல்ல வேண்டிய ‘கப்பல் ஏறிவிட்டோம்’ செய்தியை அதற்கு முன்னரே அனுப்பிவிடலாம்.