டிம்மர் அப்புறம், பல்பு முதல்ல

புது ஃப்ளாட்டுக்கு இன்டீரியர் கொட்டேஷன் வாங்கிட்டீங்களா? எங்க புனே பக்கம்னா அதுல ‘டிம்மர்’னு ஒரு வரி நிச்சயம் இருக்கும். ஹாலுக்கு ஒண்ணு, பெட்ரூமுக்கு ஒவ்வொண்ணு. என் கட்சி ரொம்ப சிம்பிள். பல்பை முதல்ல முடிவு பண்ணுங்க, டிம்மரை கடைசியா வாங்குங்க. அதுவும் வீட்டுக்கு ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு போதும்.

குண்டு பல்பு காலத்துல இந்தத் தலைவலி கிடையாது. உள்ளே இருந்தது வெறும் கம்பி. கரண்டைக் குறைச்சா மங்கும், கூட்டினா எரியும். எந்த டிம்மரும் ஓடும். 2015-ல ஆரம்பிச்ச உஜாலா திட்டத்துக்கு அப்புறம் வீட்டுக்கு வீடு எல்.இ.டி. வந்தாச்சு. அதுக்குள்ளே டிரைவர்னு ஒரு குட்டி சர்க்யூட் இருக்கு. 230 வோல்ட் எப்படி ஏறி இறங்கினாலும் வெளிச்சம் மாறாம பார்த்துக்கிறதுதான் அதோட வேலையே. டிம்மரோ ஒவ்வொரு அரை அலையிலயும், அதாவது விநாடிக்கு 100 தடவை, ஒரு துண்டை வெட்டி எடுக்குது. ஒண்ணு மாத்தாதேங்குது, இன்னொண்ணு மாத்துங்குது. விளைவு, பல்பு படபடக்கும், கொசு மாதிரி ‘ஙொய்’ங்கும், சீக்கிரமே மண்டையைப் போடும்.

அதனால கடையில மூணு விஷயம் பாருங்க.

1. பல்பு அட்டையில ‘டிம்மபிள்’னு இருக்கா? இல்லைன்னா பேச்சே வேண்டாம். ஃபால்ஸ் சீலிங் விளக்குன்னா அதோட டிரைவர் மேலே தனியா தொங்கும். டிம்மபிளா இல்லையான்னு சொல்றது அந்த டிரைவர்தான். சீலிங் மூடுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

2. டிம்மர் எந்த வகை? பழைய டிரையாக் வகை அலையோட முன்பகுதியை வெட்டும், அதுக்கு லீடிங் எட்ஜ்னு பேர். பின்பகுதியை வெட்டுறது டிரெய்லிங் எட்ஜ். எல்.இ.டி.க்கு பெரும்பாலும் இரண்டாவதுதான் ஒத்துப்போகும், சத்தமும் குறைவு. விலை கூடத்தான்.

3. வாட் கணக்கு. ‘400 வாட்’னு போட்டிருந்தா அது பெரும்பாலும் குண்டு பல்புக்கான கணக்கு. எல்.இ.டி.க்கு தனியா, ரொம்பக் கம்மியா ஒரு எண் இருக்கும். குறைந்தபட்ச லோடும் பாருங்க. 9 வாட் பல்பு நாலு போட்டாலும் 36 வாட்தான். பழைய டிம்மர் பலதுக்கு அது பத்தாது, அதுவே படபடப்புக்கு காரணம்.

இதெல்லாம் கேட்டா, மும்பை லோஹார் சாலோ டில்லி பகீரத் பேலஸோ, கடைக்காரர் பதில் ஒண்ணுதான்: “சல் ஜாயேகா சாப்!” ஓடும்தான் சாமி, எத்தனை மாசம்? வாங்குற பல்பையும் டிம்மரையும் சேர்த்து கடையிலயே மாட்டச் சொல்லி, அடிமட்டம் வரைக்கும் திருப்பிப் பார்த்துட்டு காசைக் கொடுங்க.

ஃபேன் ரெகுலேட்டரையே விளக்குக்கு போட்டுடலாம்னு எலக்ட்ரீஷியன் சொன்னா ஒத்துக்காதீங்க. அது மோட்டாருக்கு செஞ்சது. அதே மாதிரி ரிமோட்டோட வர்ற பி.எல்.டி.சி. ஃபேனுக்கும் ரெகுலேட்டர் ஆகாது. வைஃபை ஸ்மார்ட் பல்பு வாங்கினீங்கன்னா மங்கவைக்கிற வேலை அதுக்குள்ளேயே நடக்குது, சுவர்ல சாதா சுவிட்ச்தான் இருக்கணும். ஆபீஸ் மீட்டிங் ரூம்ல அழகா இருட்டுதேன்னு ஏங்காதீங்க, பல ஆபீஸ்ல அதுக்குன்னே தனி கன்ட்ரோல் வயர் போட்டிருப்பாங்க.

கரண்ட் மிச்சமாகுமேம்பீங்க. 9 வாட் பல்பு தினம் 5 மணி நேரம் எரிஞ்சா மாசத்துக்கு 1.35 யூனிட். பாதியா மங்கவெச்சா முக்கால் யூனிட் கூட மிச்சமில்லை. டிம்மர் காசு எப்போ திரும்ப வர்றது?

அப்போ டிம்மரே வேண்டாமா? ஒரு இடத்துல வேணும், ஆனா அந்த இடம் கொட்டேஷன்ல பெரிய எழுத்துல இருக்கிற ஹால் இல்லை. ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்து தங்குற ரூம். 60 வயசுக் கண்ணோட விழித்திரைக்கு 20 வயசுக் கண்ணுக்குப் போறதுல மூணுல ஒரு பங்கு வெளிச்சம்தான் போய்ச் சேருது. பேப்பர் படிக்க அவங்களுக்கு நம்மைவிட நிறைய வெளிச்சம் வேணும். அதே ஆளுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தா கண்ணைக் குத்தாத வெளிச்சம் வேணும். பழக்கமில்லாத வீடு, இருட்டு, வழவழ டைல்ஸ். விழுந்தா இடுப்பு எலும்பு. ஊரை விட்டு இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தது ஆஸ்பத்திரி வாசல்ல உட்காரவா?

அந்த ரூமுக்கு நல்ல டிம்மபிள் பல்பு, டிரெய்லிங் எட்ஜ் டிம்மர், படுத்தபடியே கை எட்டுற உயரத்துல. இது சொந்த வீட்டுக்காரங்களுக்கு. வாடகை வீட்டுல ஓனர் சுவரை நோண்ட விடமாட்டார். அங்கே ஒரு பளிச் விளக்கு, பிளக்ல செருகுற அரை வாட் நைட் லேம்ப் ரெண்டு, ஒண்ணு ரூமுக்கு, ஒண்ணு பாத்ரூம் வழிக்கு. டிம்மர் செய்யுற வேலையில முக்கால்வாசியை இது செஞ்சிடும். வீடு மாறும்போது கழட்டி பையில போட்டுக்கலாம்.

பி.கு: ஏற்கெனவே சுவர்ல பழைய டிம்மர் இருந்து, அதுல சாதா எல்.இ.டி. மாட்டியிருந்தா, முழுசா திருப்பி வெச்சா போதும்னு விட்டுடாதீங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டிம்மரைக் கழட்டி சாதா சுவிட்ச் போட்டுடுங்க. ஒரு சுவிட்ச் விலைதான்.